பாதி சுருக்கிய பாய்

வெப்பமண்டலக் கடலில் ரொட்டி மாவு நன்றாகப் பொங்கும். எங்கள் ஊர்க் குளிரில் அரைநாள் பிடிக்கிற மாவு, பனாமா தாண்டியபின் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுவதற்குள் மூடிய துணியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். படகில் ரொட்டி என் பொறுப்பு. பாய்கள் என் கணவர் ஜாக்கெஸின் பொறுப்பு.

நீங்கள் கேட்டது அதைப் பற்றி இல்லை என்று தெரியும், ஐயா. ஆனால் படகில் நாங்கள் எப்படி இருந்தோம் என்று தெரியாவிட்டால் மற்றது உங்களுக்குப் புரியாது.

ஜாக்கெஸ் சரக்குக் கப்பல்களில் எஞ்சினியராக இருந்தார். கல்யாணமானதிலிருந்து ஓய்வு பெறும்வரை அவர் வீட்டில் இருந்த நாட்களைவிட இல்லாத நாட்கள்தான் அதிகம். எங்கள் ஊரான துவார்னெனேயில் வீட்டுக்கு வருவார், ஒழுகும் குழாயைச் சரிசெய்வார், மகள் எனோராவைத் தூக்கிக் கொஞ்சுவார். அவள் அவரிடம் ஒட்டிக்கொள்ளப் பழகும்போது பெட்டியைக் கட்டுவார். குறை சொல்லவில்லை. நல்ல மனிதர். ஓய்வு பெற்றதும் பாய்மரப் படகு வாங்கினார். "இனிமே எங்க போனாலும் ரெண்டு பேரும்தான்" என்றார். நான் சமையலறைக்குள் போய் அழுதேன்.

இரண்டே பேர் ஓட்டும் படகில் ஒருவர் எப்போதும் விழித்திருந்து கடலைப் பார்க்க வேண்டும். இதை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை. அவர் மேலே இருந்தால் நான் கீழே தூங்குவேன். நான் ஏறினால் அவர் இறங்குவார். படியில்தான் பார்த்துக்கொள்வோம்.

"கெழக்க ஒரு மழ வருது, பாத்துக்க" என்பார்.

"காபி பிளாஸ்க்ல இருக்கு" என்பேன்.

படுக்கை ஒன்றுதான். நான் படுக்கும்போது அவர் உடம்புச் சூடு அதில் இருக்கும். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

பறக்கும் மீன்கள் தளத்தில் வந்து விழும். ஒருநாள் அவற்றை வெண்ணெயில் பொரித்துக் கொடுத்தேன். முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னார்.

"மார்க்கெஸாஸ் தீவுக்குப் போனதும் நீ பிளேன்ல ஊருக்குப் போயிரு, ரோசென். அங்கேருந்து நான் ஒத்தையா ஓட்டிக்குவேன்."

"ஏன், என் சமையல் அலுத்துப்போச்சா?"

"உன் முட்டிவலிக்குச் சொல்றேன், கிழவி. ஒவ்வொரு தடவ படியேறும்போதும் மொனகுற. எனக்குக் காதில்லையா?"

அக்கறையாகத்தான் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சில நாளில் கம்பிக் கயிற்றின் பிசிறு ஒன்று அவர் உள்ளங்கையில் ஏறியது. கை வீங்கிக் காய்ச்சல் கண்டது. புண் சீழ்பிடித்தால் கொடுக்கச் சொல்லி ஊரில் டாக்டர் எழுதித் தந்த மாத்திரைகள் மருந்துப் பெட்டியில் இருந்தன. வேளை தவறாமல் கொடுத்தேன். தானாகத் திசை பிடிக்கும் சுக்கானிடம் படகை விட்டுவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என் மடியில் தலை வைத்துக்கொண்டார். அதுவரை சொல்லாததையெல்லாம் சொன்னார். பிரேசிலில் ஏதோ ஒரு துறைமுகத்தில், மழைநாளில், என்னை நினைத்து அழுதாராம். எங்கும் கிளம்பாத ஜாக்கெஸை நான் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

மாத்திரை வேலை செய்தது. வீக்கம் வடிந்தது. ஒரு காலை சூப்பை முழுக்கக் குடித்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். வரைபடத்தைக் கேட்டார்.

"கரைக்கு இன்னும் எவ்வளவு தூரம்? உனக்குப் பிளேன் என்னிக்குன்னு பாக்கணும்."

அன்றிலிருந்து வைட்டமின் மாத்திரைகளைக் கொடுத்தேன். நிறம் ஏறக்குறைய ஒன்றுதான். பாயையும் பாதிக்குச் சுருக்கினேன். எங்களுக்கு என்ன அவசரம்?

காய்ச்சல் திரும்பியது. சாட்டிலைட் போனில் டாக்டரைக் கூப்பிடச் சொன்னார். தண்ணீர் பட்டுக் கெட்டுவிட்டது என்றேன்.

"கொண்டா, பிரிச்சுப் பாக்குறேன்."

ஸ்க்ரூடிரைவரை அவர் விரல்களால் பிடிக்க முடியவில்லை. இரண்டு முறை கீழே விழுந்தது. நான் எடுத்து ஓரமாக வைத்தேன்.

பிறகு ஒரு சரக்குக் கப்பல் எங்களைத் தாண்டிப் போனது. அவர்களேதான் ரேடியோவில் கூப்பிட்டார்கள். பேசியவர் பிலிப்பைன்ஸ்காரராக இருக்க வேண்டும், மரியாதையான குரல்.

"பாயெல்லாம் சுருங்கிக் கெடக்கே, நல்லாயிருக்கீங்களா மேடம்? ஏதாச்சும் உதவி வேணுமா?"

"நல்லாயிருக்கோம் சார். வீட்டுக்காரர் தூங்குறாரு."

"கொடுத்து வச்சவரு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

கீழே இறங்கினேன். ஜாக்கெஸ் விழித்திருந்தார்.

"யாரு பேசுனது?"

"யாரும் இல்ல. கனவு கண்டிருப்ப."

என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "நீ மட்டும் இல்லேன்னா என் கதி என்ன, ரோசென்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் கல்யாணமான நாளிலிருந்து காத்திருந்தேன், ஐயா.

மறுநாள் போய்விட்டார். உங்கள் தீவின் மலை தெரியும்வரை பக்கத்திலேயே படுத்திருந்தேன். காப்பாற்றியிருக்க முடியுமா என்று கேட்டீர்கள். முடிந்திருக்கும். மாத்திரையை நிறுத்தாமல் இருந்தாலே போதும். அந்தக் கப்பலிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் போதும். எல்லாம் தெரிந்துதான் செய்தேன். வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

எனோரா வியாழக்கிழமை விமானத்தில் வருகிறாள் என்றீர்கள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஒரு பயம். அப்பா எங்கோ நடுக்கடலில் யாருமில்லாமல் செத்துப்போய்விடுவார் என்று அழுவாள். அதனால் அவளிடம் மற்றதைச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுங்கள். அப்பா தனியாகச் சாகவில்லை, அம்மா கடைசிவரை பக்கத்திலேயே இருந்தாள் என்று சொல்லுங்கள். அதைக் கேட்டால் அவள் மனசு ஆறிவிடும்.