நிறைத்து ஊற்றிய கிண்ணமும் ஏறிய ரேட்டும்

என் பெயர் கல்தீகுல் மூசினோவா. வயது ஐம்பத்து மூன்று. கணவர் காலமாகிவிட்டார். கப்ஷகாய் ஏரிக்கரையில் மீன் கிடங்குக்குப் பின்புறக் குடியிருப்பில் வசித்து வருகிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டேன், அதிலும் பாதி நாள் ஆடு மேய்த்தேன். கையெழுத்துப் போடத் தெரியும். ஏரிக்கரைச் சூதாட்ட விடுதியில் தேநீர் ஊற்றும் வேலை பார்த்து வந்தேன். என் மேல் புகார் கொடுத்திருக்கும் தோக்தார் என் உடன்பிறந்த தம்பி. விசாரணை அதிகாரி கேட்டதன் பேரில் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

அன்று போக்கர் போட்டியின் கடைசி நாள். மேசையில் நான்கு பேர் மிஞ்சியிருந்தார்கள். பக்கத்துக் கூடத்தில் ஜனங்கள் ஆட்டத்தைப் பெரிய திரையில் பார்த்தபடி, அடுத்து யார் தோற்று எழுந்து போவார் என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். திரையில் படம் மட்டும் தெரியும், பேச்சு கேட்காது, சீட்டும் தெரியாது. பந்தய ரேட்டு நிமிடத்துக்கு நிமிடம் பலகையில் மாறும். மேசையில் காசுக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லைகளையும் ஜனங்கள் கட்டுவதையும் பார்த்துத்தான் ரேட்டு போடுகிறோம், கையில் இருக்கும் சீட்டு ஆட்டம் முடியும் வரை எங்களுக்கும் தெரியாது என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுத்துக்கூட்டி நானே படித்திருக்கிறேன்.

எங்கள் வழக்கம் எழுதுகிற அதிகாரிக்கும் தெரியும், ஆனால் நீதிமன்றத்தில் இதைப் படிப்பவர் எந்த ஊரோ என்பதால் சொல்கிறேன். வேண்டிய விருந்தாளிக்குக் கிண்ணத்தில் கொஞ்சமாகத்தான் ஊற்றுவோம், குடித்ததும் மறுபடி ஊற்றுவோம். விளிம்பு வரை நிறைத்துக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள்.

ஆட்டக்காரர்களில் பெய்சென் என்பவன் நம் ஆள்தான், ஆனால் ஜெர்மனியில் வளர்ந்த பையன். சீட்டுப் போட்டு முடித்த சமயம் நான் அவனுக்குத் தேநீர் ஊற்றினேன். அவன் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, பால் விலை ஏறிப்போச்சா? அடி நனையற அளவுக்குத்தான் ஊத்துவீங்களா? ரொப்புங்க" என்றான். "ரொப்பினா நீ எந்திரிச்சுப் போயிடணும் தம்பி, சம்மதமா?" என்றேன். "ரொப்புங்க, போறதை அப்புறம் பாக்கலாம்" என்றான். நானும் வேடிக்கைக்காகத் ததும்பத் ததும்ப ஊற்றினேன். மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். வேறு எந்த உள்நோக்கமும் எனக்கு இல்லை. யார் கையில் என்ன சீட்டு என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

அதன் பிறகு வழக்கம்போல் உள் அறைக்குத் தேநீர் கொண்டு போனேன். அங்கே ரேட்டு போடும் ஒராஸ் தனியாக இருந்தார். கூடத்தில் ஒரே சத்தமாக இருந்தது. தேநீர்க்காரி கிண்ணத்தை நிறைத்துவிட்டாள், உள்ளே போய்வருகிறவள், அவளுக்குத் தெரியாமலா செய்வாள், பெய்சென் போகப்போகிறான் என்று எல்லோரும் அவன் மேலேயே கட்ட ஓடியிருக்கிறார்கள். இதை ஒராஸ்தான் சொன்னார். "அக்கா, இன்னிக்கு உங்க கைக்கு ஒரு முத்தம் குடுக்கணும்" என்றார். "முத்தத்தை உன் பொண்டாட்டிக்கு வச்சுக்க, கோப்பையை நகத்து" என்றேன். தட்டை வைக்க இடமில்லாததால் அங்கிருந்த சிறிய திரைப்பெட்டியின் மேல் வைக்கப் போனேன். பெட்டி சூடாக இருக்கிறது, வைக்காதீர்கள் என்று தடுத்தார். அப்போதுதான் திரையைப் பார்த்தேன். அதில் பெய்செனின் இரண்டு சீட்டும் தெரிந்தன. இரண்டும் ஏஸ், அந்த ஆட்டத்தில் அதற்கு மேல் சீட்டு இல்லை.

அதன் பிறகு ஒராஸ், கூடத்தில் பந்தயக் காசு வாங்கும் ஜன்னலுக்குத் தொலைபேசியில், "பெய்சென் போவான்னு கட்டறவனுக்கு ஒண்ணுக்கு மூணு இல்ல, ஒண்ணுக்கு அஞ்சு போடு. ஜன்னலை மூடாதே, வரட்டும்" என்றார். நான், "ஏம்ப்பா, சந்தையில ஆளுக்கு ஆள் வெங்காயம் கேட்டா விலை ஏறும். இங்க எல்லாரும் அதையே கேக்கறாங்க, நீ மலிவாக்கறியே, எப்பிடி?" என்று கேட்டேன். அதற்கு அவர், "வெங்காயத்துக்குள்ள என்ன இருக்குன்னு சந்தைக்காரனுக்குத் தெரியாதுக்கா. எனக்குத் தெரியுமே" என்றார். நானும் சிரித்துவிட்டேன். அந்த நேரத்தில் என் தம்பி கூடத்து ஜன்னலில் நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

அதன் பிறகு தாஷ்கெண்ட்காரர் ஒருவர் தன் வில்லைகள் முழுவதையும் பெய்செனுக்கு எதிராக வைத்துத் தோற்று, அவரே எழுந்து போனார். கூடத்தில் கண்ணாடி உடைந்தது. என் தம்பி சமையலறை வாசலுக்கு வந்தான். அவன் விடுதிக்குக் குதிரைப்பால் கொண்டுவந்து கொடுப்பவன், வழி தெரியும்.

"எவ்வளவு குடுத்தாங்க உனக்கு?" என்றான்.

"எதுக்குடா?"

"அந்தக் கிண்ணத்துக்கு."

வீட்டுக் கூரை மாற்றுவதற்காக அன்று காலை ஒரு பெட்டைக் குதிரையை விற்றிருந்தான், அந்தக் காசைக் கட்டியிருக்கிறான். என் கிண்ணத்தை நம்பிக் கட்டினேன் என்றான். உள் அறையில் நடந்ததைச் சொன்னேன். "சீட்டைப் பாத்தேங்கற, சிரிச்சேங்கற, அப்புறம் கூட்டு இல்லேங்கற. நல்லா இருக்குக்கா" என்று சொல்லிவிட்டுப் பால் தோல்பையைக்கூட எடுக்காமல் போனான்.

அதன் பிறகு மேலாளர் ஜனங்களிடம், தேநீர்க்காரி செய்த விஷமம் இது, விடுதிக்குச் சம்பந்தமில்லை, அவளை நிறுத்தியாகிவிட்டது என்று அறிவித்தார். உள் அறைத் திரை அன்று முழுவதும் பழுதாகிக் கிடந்தது என்று மேலாளர் எழுதிக் கொடுத்திருப்பதாக அதிகாரி சொல்கிறார். பழுதான பெட்டி எதற்குச் சூடாக இருந்தது என்று கேட்க வேண்டுகிறேன். ஒராஸ் இன்றும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

ரேட்டு நியாயமாக இருந்ததா என்று அதிகாரி கேட்டார். ஜனங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு விலை கேட்டார்கள், அவர் கண்ணைத் திறந்துகொண்டு விலை சொன்னார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மறுநாள் காலை தம்பி வீட்டுக்குப் போனேன். முளையில் கயிறு மட்டும் கிடந்தது. உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். தம்பி எதிரில் இருந்தான். அவன் மனைவி அய்மான் எனக்குத் தேநீர் ஊற்றினாள். நிறுத்துவாள் என்று பார்த்தேன். விளிம்பு வரை ஊற்றினாள். அவள் தம்பியைப் பார்த்தாள், தம்பி கிண்ணத்தைப் பார்த்தான். நான் சொட்டுச் சிந்தாமல் முழுவதும் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இதில் எழுதியிருப்பதை அதிகாரி எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார். எல்லாம் நான் சொன்னதே, சொன்னதெல்லாம் நடந்ததே. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) கல்தீகுல் மூசினோவா