இரண்டாவது கன்ட்ரோலர்

“ஹலோ... ஆமா, நான்தான்... யாரு?... கொஞ்சம் சத்தமா பேசும்மா, இங்க மெஷின் ஓடுது... யாரு?... ஓ.”

கண்ணாடிக்காரி மெஷினை நிறுத்தினாள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. பாதி தேய்ந்த லென்ஸ் ஒன்று இன்னும் விரலிடுக்கில் இருந்தது. போனில் வந்த குரலை இதற்குமுன் அவள் கேட்டதில்லை. ஆனால் அது யாருடைய குரல் என்று தெரிந்ததும் பசியில் இருப்பவள் முன்னால் தட்டு வைத்த மாதிரி முகம் மலர்ந்துபோனது. அவளை விவாகரத்து பண்ணிவிட்டுப் போன புருஷன் அடுத்ததாகக் கட்டிக்கொண்ட பெண் அது. அவளுக்கு இவள் மனசுக்குள் வைத்திருந்த பெயர் ‘புதுசு’. புதுசு தானாகவே வந்து மாட்டியிருக்கிறது.

“அக்காவா?... யாருக்கு யாரு அக்கா? ஒரே ஆளைக் கட்டிக்கிட்டா அக்கா தங்கச்சி ஆயிடுவோமா?... சரி சரி, இன்னும் நான் ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள மூக்கை உறிஞ்சற. சொல்லு, என்ன வேணும்?... பாஸ்வேர்டா? எதுக்கு?... கேம் பாக்ஸுக்கா!”

கண்ணாடிக்காரி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தப் பெட்டியை ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். டிவியில் மாட்டியது, கணக்கு ஆரம்பித்தது, ஒவ்வொரு ஆட்டமாக வாங்கி ஏற்றியது எல்லாம் அவள் பெயரில். காலை நீட்டி உட்கார்ந்து ஆடுவது மட்டும் அவன் வேலை. பிரிந்தபோது அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான், கணக்கு இவளோடு தங்கிவிட்டது. அது ஐயாவுக்கு இத்தனை நாள் தெரியாது. இன்றைக்குப் பெட்டி தானாகவே எதையோ புதுப்பித்துக்கொண்டு, சொந்தக்காரர் யார், பாஸ்வேர்டைச் சொன்னால்தான் ஆட்டத்தைத் திறப்பேன் என்று நின்றுவிட்டது.

“ஏன், சார் போன் பண்ண மாட்டாராமா?... ஓ, என்கிட்ட பேசினா வாய் அழுகிடுமா அவனுக்கு? அதான் உன்னை அனுப்பிட்டானா?... குளிக்கிறானா... வெளிய வர்றதுக்குள்ள வாங்கி வைக்கணுமா? நல்ல உத்தரவு. நீயும் பணிவா ‘சரிங்க’ன்னு தலையை ஆட்டியிருப்ப... தர்றேன், தர்றேன். அவசரப்படாத. முதல்ல டிவிகிட்ட போ. ஆன் பண்ணு... பண்ணிட்டியா?... இன்னுமா?... ஏம்மா, ஒரு பட்டனை அமுக்க இவ்வளவு நேரமா? கை இல்லையா உனக்கு?”

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன். எத்தனையோ நாள் படுக்கையில் புரண்டு புரண்டு இந்தப் பெண்ணோடு சண்டை போட்டிருக்கிறாள். நிஜத்தில் பேசும்போது அதைவிட நன்றாகவே வந்தது. முன்கடையிலிருந்து முதலாளி எதற்கோ கூப்பிட்டார். அவள் காதில் வாங்கவில்லை.

“வந்துச்சா? வரிசையா படம் படமா இருக்குமே... எல்லாம் நான் வாங்கினது. கடைக்காரி மாதிரி விளக்கமா சொல்றேன், கேட்டுக்கோ. உனக்கு உபயோகப்படும். முதல்ல கார் ரேஸ். கார் பைத்தியங்களுக்கு இந்த பாக்ஸை மிஞ்ச ஆளில்ல. அப்படியே வழுக்கிக்கிட்டு ஓடும். அவன் கார் ஓட்டுற அன்னைக்கு நீ நிம்மதியா தூங்கலாம்... ஆமா. அடுத்தது பந்து. பந்து ஆடுறவங்களுக்கும் நல்ல பாக்ஸ்தான். ஆனா அங்க எவன்கிட்டயோ நெட்ல தோத்துட்டான்னு வையி, நீ சமையலறையை விட்டு வராத... என்ன, பேச்சைக் காணோம்?... ம். தெரிஞ்சுக்கிட்டியா அதுக்குள்ள? கெட்டிக்காரி.”

“கதை கேமா? கதை பிடிச்சவங்களுக்கு அதுல இல்லாததா! ஆசையா ஒண்ணு வாங்கி ஏத்தினேன், ரெண்டு பேரும் சேர்ந்து ஆடலாம்னு. அந்தக் கதையில ஒரு பொம்பளை வந்து பேச ஆரம்பிச்சா போதும், பட்டனை அமுக்கித் தாண்டிடுவான். எங்க வீட்டுலயும் அப்படித்தான் வாழ்ந்தான்... சிரிக்காத. உன்னையும் தாண்டுவான். அப்புறம் கட்டம் அடுக்குற கேம் ஒண்ணு. அது எனக்கு. எனக்கே எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். பாக்ஸ்ல இடம் பத்தலைன்னு அதைத் தூக்கிட்டான். என்னைத் தூக்கினதும் அதே மாதிரிதானே, உனக்கு இடம் வேணும்னு... என்ன ‘சாரி’? உன் சாரியை நீயே வச்சுக்கோ. மேக்கப் போட்டுக்கிட்டு அவன் ஆபீஸ்ல சிரிச்சு சிரிச்சு பேசினப்போ எங்க போச்சு இந்த சாரி?”

“கடைசியா... சண்டை கேம்.”

கையிலிருந்த லென்ஸை மேசைமேல் வைத்தாள்.

“அதை விடு. அதுக்கு ரெண்டு பேர் வேணும்... சரி, விளக்கம் போதும். இப்ப டிவியையே பாரு. கண்ணை எடுக்காத. பாஸ்வேர்டு தானே கேட்ட?”

பெட்டியை ஆட்டிவைக்கிற ஆப் அவள் மொபைலில் இன்னமும் இருந்தது. பேச்சை நிறுத்தாமலே அதைத் திறந்தாள். ‘இந்தப் பெட்டியைக் கணக்கிலிருந்து நீக்கவா?’ என்று அது மரியாதையாகக் கேட்டது. அவள் கட்டைவிரல் ஒரு தரம் கூட யோசிக்கவில்லை.

“என்ன தெரியுது?... ஒவ்வொண்ணா போகுதா?... காரு போச்சா? பந்து?... எல்லாமே போச்சா! அழகு. வெறும் டிவியை நல்லா துடைச்சு வை, குளிச்சிட்டு வந்து மூஞ்சி பாத்துக்கட்டும். கேட்டா நான்தான் பண்ணினேன்னு சொல்லு. பழசு சாகலை, உயிரோடதான் இருக்குன்னு சொல்லு... ஹலோ?... ஹலோ, இருக்கியா?”

அந்தப் பக்கம் ஒரு கூச்சல் வரும், இரண்டு வசவு வரும் என்று அவள் ஆவலோடு காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெண் சொன்னது மிகவும் மெதுவாக வந்தது.

“என்னது?... புரியல, திருப்பி சொல்லு... நீதான் தொட்டுக் கெடுத்தேன்னு நினைப்பானா? நினைச்சா நினைக்கட்டும், நான்தான்னு சொல்லேன்... நம்ப மாட்டானா... என்ன இன்னொரு கை? எந்தக் கை?... ஒரு கையாலதான் இவ்வளவு நேரம் அமுக்கினியா? இன்னொரு கைக்கு என்ன?... கட்டா? எதனால?... கதவுல நசுங்கிடுச்சா.”

கண்ணாடிக்காரி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“எனக்கும் கதவுதான். ஆஸ்பத்திரில கேட்டாங்க, கதவுன்னுதான் சொன்னேன்... இரு, அழாத. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. சண்டை கேம் ஆடறப்போ உனக்கு எந்த கன்ட்ரோலரைக் கையில குடுப்பான்?... ஓரத்துல கறுப்பு டேப் சுத்தினதா?... அந்த உதைக்கிற பட்டன் உள்ளயே மாட்டிக்குமே, அதானே? அந்த டேப் நான் ஒட்டினதுதான். அவன் எறிஞ்சு உடைஞ்சப்போ... ஆமா. ஆமா, தெரியும். ஜெயிச்சா விடமாட்டான். சீக்கிரமா தோத்தா, ‘என்ன, நடிக்கிறியா? எனக்கு பிச்சை போடுறியா?’ம்பான்... அதேதானா?... ஒரு வார்த்தை கூட மாறலையா?”

இதையெல்லாம் அவள் யாரிடமும் சொன்னதில்லை. பெற்ற தாயிடம் கூடச் சொல்லவில்லை. சிரித்துப் பேசி அவனைத் தட்டிக்கொண்டு போனவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சற்றுமுன் அத்தனை சந்தோஷமாக அமுக்கிய கட்டைவிரலைப் பார்க்க அவளுக்கே பிடிக்கவில்லை.

“சரி கேளு. திருப்பிக் கொண்டுவந்துடலாம். என்னால முடியும். டிவில ஒரு நம்பர் வரும், அதை நீ படிச்சு சொல்லணும், நான் இங்க போட்டா எல்லாம் வந்துடும்... தண்ணி சத்தம் கேக்குதா இன்னும்?... நல்லது. மேல ஒரு வட்டம் இருக்கா, அதை அமுக்கு... அது இல்லம்மா, அதுக்குப் பக்கத்துல... பதறாத. பொறுமையா. உன்னால முடியும்... வந்துடுச்சா? படி... ரெண்டு... ஏழு... ம்... ஏழு... அப்புறம்?... என்ன?... தண்ணி நின்னுடுச்சா? நிக்கட்டும், நீ படி. படிம்மா... கதவை விடு, நம்பரைப் படி... ஹலோ?”

“ஹலோ?...”

“...நான்தாங்க.”

போன் அவன் கைக்குப் போயிருந்தது. பேச்சு முழுக்க ‘அவன்’ ‘இவன்’ என்று வந்த அதே வாய்தான். முதுகும் தானாக நிமிர்ந்துகொண்டது. இந்த நாளுக்காக அவள் சேர்த்து வைத்திருந்த வசவுகள் ஒரு புத்தகம் வரும். அவற்றில் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை, வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

“நல்லா இருக்கேங்க... ஆமாங்க. அவ எதையும் தொடலைங்க. நான்தான் இங்கேருந்து அழிச்சேன்... சத்தியமாங்க. அவளுக்கு ஒண்ணும் தெரியாது, சொல்லிக்கூடக் குடுக்கலை நான்... பொறாமைதாங்க. வேற என்ன... ஆமா, வயித்தெரிச்சல்... ஸ்பீக்கர்ல போடறீங்களா?... போடுங்க, பரவாயில்ல, அவளும் கேக்கட்டும்... மறுபடியுமா?... நான் வயித்தெரிச்சல் பிடிச்சவ... சத்தமாவா?... நான் வயித்தெரிச்சல் பிடிச்சவ. உங்களோட வாழத் தெரியாதவ... இல்லீங்க, சிரிக்கலை... இல்லீங்க, அழவும் இல்லை. மெஷின் சத்தம்...”

மெஷின் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. முதலாளி வாசலில் வந்து நின்று, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

“டிவில ஒரு நம்பர் இருக்கும்ங்க. அதைச் சொன்னீங்கன்னா எல்லாம் திருப்பி வந்துடும்... ரெண்டு, ஏழு, ஏழு... அது வரைக்கும் அவ சொன்னா. அப்புறம்ங்க?... அப்புறம்?... கெஞ்சறேங்க. கெஞ்சறேன்னுதான் சொல்றேன்... ஒண்ணு... ம்... ஒன்பது... போட்டுட்டேன்... வந்துடுச்சுங்களா? பந்து இருக்குதுங்களா? காரு?... நல்லதுங்க. காரே போடுங்களேன். புது ரோடு எல்லாம் விட்டிருக்காங்களாம், அதுல ஓட்ட உங்களை மாதிரி... இல்லீங்க. நான் யாரு சொல்றதுக்கு... தெரியாம சொல்லிட்டேன்... அவ கையில அடிபட்டிருக்குன்னு... இல்ல, அவ ஒண்ணும் சொல்லலைங்க! கதவுன்னுதான் சொன்னா, கதவுன்னு மட்டும்தான்... ஒரே நிமிஷம் போனை அவகிட்ட... ஏங்க... ஏங்க...”

போன் வைக்கப்பட்டுவிட்டது.

அவள் திரும்ப அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. இன்னொரு தரம் அழைத்தாள், இந்தத் தடவை மணியே அடிக்கவில்லை. ஆப் இன்னும் திறந்தே கிடந்தது. நீக்குகிற பட்டன் அதே இடத்தில், அதே மரியாதையோடு காத்திருந்தது. அவள் அதன் பக்கமே விரலைக் கொண்டுபோகவில்லை. மொபைல் ஒரு தடவை அதிர்ந்தது. அந்த வீட்டில் என்ன ஆட்டம் ஆரம்பமாகிறது என்பதை ஆப் கணக்கின் சொந்தக்காரிக்கு ஒழுங்காகத் தெரிவித்தது. கார் இல்லை. பந்தும் இல்லை. சண்டை. ஆடுகிறவர்கள் இரண்டு பேர்.

கண்ணாடிக்காரி செத்துப்போன போனைக் காதில் வைத்துக்கொண்டாள்.

“ஹலோ... கேக்குதா தங்கச்சி?... உதைக்கிற பட்டனை அமுக்காத, அது மாட்டிக்கும்... உடனே தோத்துடாத. கொஞ்ச நேரம் சண்டை போடு... கொஞ்சம் போட்டுட்டு, அப்புறம் தோத்துடு... ஹலோ?...”