உன் மேல தப்பில்ல

எங்கள் வீட்டில் இரண்டு பேருமே டீக்குச் சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் குடிப்பவர்கள். இதைச் சொன்னதும் நீங்கள் நிமிர்ந்து உட்கார்கிறீர்கள். அவசரம் வேண்டாம். வரிசையாகவே சொல்கிறேன்.

என் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கைகால் உதற வந்து உட்காருகிறவர்களைக்கூடப் பேசிப் பேசியே ரோட்டில் ஓட்ட வைத்துவிடுவார். வீட்டிலும் அதே வாய்தான். நான் மருந்துக்கடையில், சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். எனக்குப் பேச்சு குறைவு. அதனால் நன்றாகவே ஒத்துப்போனோம். ஒருவர் பேசினால் கேட்பதற்கு ஒருவர் வேண்டுமே.

எங்களுக்கு ஒரு மகள் இருந்தாள். ஆறு வயது. அப்போது மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். பால்கனியில் துணிக்கொடி எனக்கு எட்டாது. ஸ்டூல் போட்டு ஏறித்தான் காயப்போடுவேன். அன்றைக்குப் பாதித் துணி போட்டதும் கிளிப் தீர்ந்துவிட்டது. எடுத்து வர உள்ளே போனேன். டப்பா வழக்கமான இடத்தில் இல்லை, தேட வேண்டியதாயிற்று. திரும்பி வந்தபோது ஸ்டூல் மட்டும் இருந்தது.

அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. விபத்து என்று உங்கள் ஆட்களே எழுதிக்கொண்டு போனார்கள். உறவுக்காரர்கள் என்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பார்கள் என்று காத்திருந்தேன். என் கணவர் விடவில்லை. கூடத்தில் அத்தனை பேர் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவள யாரும் ஒரு வார்த்த சொல்லக் கூடாது. இவ மேல தப்பில்ல" என்றார். வாயைத் திறக்க வந்த மாமியார்கூட மூடிக்கொண்டார். இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பெண் என் காதில் சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு நான் மறந்துவிடுவது என்று முடிவு செய்தேன். இதில் அழுது புரள என்ன இருக்கிறது. வீட்டை ஒதுக்குவது மாதிரி இதுவும் ஒரு வேலை. தரைத்தளமாகப் பார்த்து வீடு மாறினோம். அவளுடைய துணிமணிகளை யார் யாருக்கோ கொடுத்தேன். போட்டோக்களையெல்லாம் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பினேன். புது வீட்டில் கொடியே கட்டவில்லை. நல்ல முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் வீட்டில் ஒரு வாய் இருந்ததே.

காலையில் பல் தேய்த்துக்கொண்டே ஆரம்பிப்பார். "நேத்து ஒரு பொண்ணு வண்டி கத்துக்க வந்தா. கியர் மாத்துறப்பல்லாம் நம்ம பாப்பா மாதிரியே உதட்டக் கடிச்சிக்குறா." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். என் தோளில் கை வைப்பார். "உன் மேல தப்பில்லம்மா." நான் காய் நறுக்கும்போது சொல்வார். பஸ்ஸுக்கு நிற்கும்போது சொல்வார். ஊர் உலகத்தில் ஒருவரும் என்னிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் ஒருவர்தான் நாள் தவறாமல் என்னை மன்னித்துக்கொண்டிருந்தார்.

ஒருமுறை கேட்டும் பார்த்தேன்.

"ஏங்க, கொஞ்ச நாளைக்கு அவளப் பத்திப் பேசாம இருப்போமா?"

"பேசலேன்னா எனக்கு நெஞ்ச அடைக்குதும்மா. பேசினாத்தான் தூக்கமே வருது."

தூக்கம்தான் பிரச்சினை என்றால் அதற்கு என்னிடம் வழி இருந்தது.

டாக்டர் சீட்டு இல்லாமல் அந்த மாத்திரைகளை யாருக்கும் தர மாட்டோம். ஆனால் அலமாரிப் பக்கம் நிற்கிறவளிடம் யார் சீட்டுக் கேட்கப்போகிறார்கள். பொடி செய்து மாலை டீயில் கலந்தேன். சர்க்கரை தூக்கல் என்று சொன்னேனே, கசப்பு தெரியவில்லை. அன்றைக்கு நன்றாகத் தூங்கினார். மறுநாள் காலையில் பல் தேய்த்தார், வாய் கொப்பளித்தார், துண்டால் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான். அந்த வீட்டுக்கு வந்த பிறகு நான் நிம்மதியாகச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

ஒரு நாளோடு நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நிம்மதி ஒரு பழக்கம். மெல்ல மெல்ல அவருக்கு வார்த்தைகள் தடுமாறின. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார். வீட்டுச் சாவியை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு ஊரெல்லாம் தேடினார். கடைசியில் ஒருநாள் நடுரோட்டில் பிரேக் எது என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கற்றுக்கொள்ள வந்த பெண்தான் வண்டியை நிறுத்தினாள். அவளுக்கு அன்றைக்கே லைசென்ஸ் கொடுத்திருக்கலாம். இவருக்கு வேலை போயிற்று.

இந்த வயதிலேயே மறதி நோய் சிலருக்கு வருவதுண்டு என்றார் டாக்டர். இவர் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டார். இல்லை என்றேன். அது பொய் இல்லை. அவர் எதையும் தெரிந்து சாப்பிடவில்லை.

அவரை நான் குறையாகப் பார்த்துக்கொண்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. குளிப்பாட்டினேன். நகம் வெட்டிவிட்டேன். ஊட்டிவிட்டேன். தெருவில் எல்லோரும் என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

"நமக்குக் கொழந்தைங்க இருக்கா?"

"இல்லீங்க."

"அப்பாடா. எதையோ எங்கயோ விட்டுட்டு வந்துட்ட மாதிரியே இருந்துச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று எண்ணிப் பார்த்தேன். நான் செய்வது நல்ல காரியம்தான் என்பது அன்றைக்கு எனக்கு உறுதியாயிற்று.

கெடுத்தது நாத்தனார்தான். அவருடைய அக்கா. தையல் கடை வைத்திருக்கிறார், நல்ல மனுஷி, அதில் ஒன்றும் சொல்வதற்கில்லை. எனக்குக் காய்ச்சல் வந்து படுத்தபோது, "நீ ஒடம்பப் பாத்துக்க, தம்பி என்கூட கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்று கூட்டிப்போனார். தடுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. இரண்டு வாரம் போல இருக்கும், போன் வந்தது.

"தம்பி தெளிஞ்சிட்டான்டி. நீ அனுப்பின போட்டோவ எடுத்துக் காட்டினேன். பாப்பா பேரச் சொல்லி ஓன்னு அழுதான்."

"அழ வெச்சிட்டீங்களா, அண்ணி" என்றேன்.

அவர் சட்டென்று போனை வைத்துவிட்டார். அந்த இடத்தில்தான் அவருக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

மறுநாள் மாலை என் கணவர் அக்காவிடம்கூடச் சொல்லாமல் ஆட்டோவில் தனியாகவே வந்து இறங்கினார். வழி கேட்காமல் வந்திருக்கிறார். வாசலில் பையை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். இளைத்துப் போயிருந்தாலும் கண்ணில் பழைய ஆள் இருந்தார். கிட்டே வந்து என் தோளில் கை வைத்தார். என்ன சொன்னார் என்று உங்களுக்குத் தெரியும்.

உட்காருங்கள், டீ போடுகிறேன் என்றேன். அன்றைக்கு நான் அளவு பார்க்கவில்லை. கையில் வந்ததையெல்லாம் போட்டேன். அவர் பாப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டே குடித்தார். அவள் முதன்முதலில் சைக்கிள் ஓட்டிய கதை. நான் குறுக்கே பேசாமல் கேட்டேன். பாதியில் நாக்குக் குழறியது, அப்படியே சாய்ந்துகொண்டார். கழுத்து வலிக்குமே என்று தலையணை எடுத்து வைத்தேன்.

உடம்பை அறுத்துப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் நாத்தனார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தூங்க வைக்கத்தான் நினைத்தேன், சாகடிக்க நினைக்கவில்லை என்று சொல்லச் சொல்லி வக்கீல் சொல்லிக்கொடுத்தார். அப்படி இல்லை. சாகட்டும் என்றுதான் கொடுத்தேன். அந்த மனிதர் தினம் தினம் வேதனைப்பட்டார், நான் அதற்கு ஒரு முடிவு கட்டினேன். எனக்காக எதையும் செய்யவில்லை. நான்தான் எப்போதோ மறந்துவிட்டேனே.

ஒரே ஒரு விஷயம். வியாழக்கிழமை கோர்ட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார்கள். முடிந்தால் வேறு நாள் பாருங்கள். அன்றைக்கு அவளுக்குப் பத்து வயது ஆகிறது. பெயரா? பெயர் மறந்துவிட்டது என்று எழுதிக்கொள்ளுங்கள்.