அந்தோனியார் வள்ளம் ஒரு நாள் பொறுக்கட்டும்

தலைமைக் கதிரையைத் தன் புன்னகையால் நிறைத்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே! அலையோடு மல்லுக்கட்டி எங்கள் அடுப்பை எரியவைக்கும் பெரியோர்களே! வலை பொத்தும் கைகளால் வாழ்வையும் பொத்தித் தரும் தாய்மார்களே! நாரந்தனையில் பிறந்து வானிலை படிக்கும் உங்கள் ஜெனீற்றா வணங்குகிறேன்.

சென்ற திருநாளில் இதே மேடையில் என்ன சொன்னேன்? உயரே சுற்றும் வழிகாட்டிச் செயற்கைக்கோள்களின் சமிக்ஞைதான் உங்கள் வள்ளத்து ஜிபிஎஸ்ஸுக்கு இடம் சொல்கிறது என்றேன். அதே சமிக்ஞையைத் தாழப் பறக்கும் இன்னொரு செயற்கைக்கோள், காற்று மண்டலத்தின் ஊடாகப் பிடிக்கிறது என்றேன். தண்ணீரில் விட்ட துடுப்பு வளைந்து தெரியவில்லையா? அப்படியே காற்றிலே சமிக்ஞை வளைகிறது. வளைவை அளந்தால் வெப்பம் தெரியும், ஈரம் தெரியும், ஆளில்லா நடுக்கடலின் வானமும் தெரியும்!

கேட்டார் வள்ளம் ஓட்டும் நம் தண்டையல் பஸ்ரியாம்பிள்ளை அண்ணை. "அப்ப என்ர ஜிபிஎஸ்ஸும் மழையைச் சொல்லும்தானே? உயரத்திலை வைச்சால் சரி" என்று, திருநாள் பவனி போகும் வள்ளத்திலே அந்தோனியார் சிலையின் கழுத்தில் அதைத் தொங்கவிட்டார்! சிரிக்காதீர்கள், அண்ணை முன்வரிசையில் இருக்கிறார். மாலைக்கு மேல் மாலை விழுந்தது, கருவி மறைந்தது. மழை இறங்கியது, வழி தவறியது, வள்ளம் மணல் திட்டியில் ஏறியது. தொலைந்ததைத் தேடித்தரும் அந்தோனியாரையே அன்று ஊர் தேடியது!

அந்தக் கருவி இடம் சொல்லும், மழை சொல்லாது. மழை சொல்வது வானத்து அளவுகள் சேர்ந்த முன்னறிவிப்பு. அது சொல்கிறது: நாளை பிற்பகல், பவனி நேரத்தில், சோழகக் காற்று சீறும், மழையும் கொட்டும். நாளைய வள்ளத்திலே ஏறப்போவது யார்? பாடகர் குழுவின் குஞ்சுகள்! எனக்குப் பயமாக இருக்கிறது.

என்ன, அல்போன்சம்மா அக்கா? "திருநாளை மாத்த ஏலுமோ, பிள்ளை?" மாற்ற வேண்டாம், அக்கா! பூசை நாளையே நடக்கட்டும், பவனி மட்டும் மறுநாள் போகட்டும். முன்னறிவிப்பு பிழைக்காதா? பிழைக்கலாம். பிழைத்தால் ஒரு நல்ல வெயில் நாள் வீண். பலித்தால்?

இதோ, அண்ணை எழும்புகிறார். சொல்லுங்கள்!

"போன வருசம் நான் அந்தோனியாரை நனைச்சனான். பிள்ளையளை நனைக்கமாட்டன். வள்ளம் நாளைக்குக் கட்டினபடி கிடக்கட்டும்!"

தட்டுங்கள் கையை! பங்குத்தந்தையும் தலையசைக்கிறார். பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நாளை மறுநாள், பூமாலை அந்தோனியாரின் கழுத்திலும், கருவி அண்ணையின் கையிலுமாகப் புறப்படுவோம். வணக்கம்!