மரத்துக்குள் இருக்கும் புகை

கலஹாவிலிருந்து பேராதனைக்கு வரும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்கள் இருவர்.

"தோட்டத்துல புதுசா நட்ட மரத்த விறகுக்குத் தொடக் கூடாதாம் அக்கா. வெளிநாட்டுப் பொகை அதுக்குள்ள இருக்காம்."

மூத்தவள் திரும்பினாள். "யாரு சொன்னா?"

"தோட்டத்துத் தொரைதான். அங்க கார் ஓட்டுற பொகை காத்தோட சுத்தி வருமாம். மரம் இழுத்து வச்சுக்குமாம். எரிச்சா திரும்ப வெளிய போயிருமாம்."

"தேயிலையில கவாத்து வெட்டுன மிலாறு விறகும் தீந்துபோச்சு. எதுல சோறாக்குறது?"

"அத அவரு சொல்லல."

பஸ் ஒரு வளைவை இரைந்துகொண்டே கடந்தது.

"எந்த நாட்டுப் பொகையாம்?"

"எல்லா நாட்டுதுந்தான். குவைத்துலருந்தும் வருமாம்."

மூத்தவள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"பொகை வந்துருது. அங்க வீட்டு வேலைக்குப் போன எம் மகளத்தான் வர விடமாட்டேங்கிறாங்க."