நூறு சதுர மீட்டர்

— முளையைத் தப்பான இடத்துல அடிச்சிருக்கீங்க சார். என் பங்கு இங்க முடியாது. இன்னும் உள்ள போகணும்.

— இல்லம்மா. ரெண்டு தடவை நாடா பிடிச்சுப் பாத்துட்டுத்தான் அடிச்சேன். உங்க பங்கு இந்த நாலு முளைக்குள்ளதான்.

— இதுக்குள்ளயா? கோழிக் கொட்டகை போட்டா நான் நிக்கக்கூட இடம் இருக்காதே! டேய் தம்பி, என்னடா சொல்றார் இவர்?

— சர்வேயர் சொன்னா சரியாத்தான்க்கா இருக்கும். அளக்குறதுதானே அவர் தொழில்.

— நீ போன்ல நூறுன்னு சொன்னே.

— இதுவும் நூறுதான்.

— அப்பா பேர்ல இருந்த வரி ரசீதுல இருநூறுன்னு போட்டிருந்துச்சு. நூறுன்னா சரி பாதின்னு நினைச்சேன்.

— அந்த இருநூறு 'ஆர்'ங்கிற அளவுல போட்ட கணக்கும்மா. உங்க பாகப் பத்திரத்துல இருக்கிறது சதுர மீட்டர்.

— ரெண்டும் வேற வேறயா?

— வேறதான். பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம், அது நூறு சதுர மீட்டர். அதைத்தான் ஒரு ஆர்னு சொல்றது. அந்த மாதிரி நூறு ஆர் சேர்ந்தா ஒரு ஹெக்டேர். உங்கப்பா நிலம் மொத்தம் ரெண்டு ஹெக்டேர்.

— அப்ப எனக்கு எத்தனை ஆர்?

— ஒண்ணு.

— இருநூறுல ஒண்ணா?

— ஆமாம்மா.

— தெரிஞ்சேதான் எழுதினியாடா?

— அட, விடுக்கா. நூறுன்னேன், சரின்னே. கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி பாத்திருக்க வேண்டியதுதானே?

— மூக்குக்கண்ணாடி கொண்டு வரலைன்னு சொன்னேனே. நீதானே படிச்சுக் காட்டினே?

— படிச்சேன்ல? நூறு சதுர மீட்டர்னு ஒரு எழுத்து விடாமத்தான் படிச்சேன்.

— படிச்சே, இல்லைங்கலை. என் காதுலதான் நூறு மட்டும் விழுந்துச்சு. கூடப்பிறந்தவன் படிக்கிறானேன்னு மிச்சத்தை நான் கவனிக்கலை.

— இப்ப மூக்கைச் சிந்தி என்ன ஆகப் போகுது?

— மில்லு வேலையை விட்டுட்டு வந்திருக்கேன்டா. வாடகை வீட்டுச் சாவியையும் குடுத்தாச்சு. கோழிக்குஞ்சுக்குச் சொல்லி வச்சிருக்கேன்.

— அதுக்கென்ன இப்போ? மிச்ச இடத்துல நான் குடோன் கட்டுறேன். லாரி வந்து போற இடம், கூட்டிப் பெருக்க ஆள் வேணும். அந்த வேலையை உனக்கே தர்றேன். சும்மா சொல்லக்கூடாது, வேற எந்தத் தம்பி இப்படி நினைப்பான்?

— இருடா, பேசாம இரு.

— இந்த மூலை பிடிக்கலைன்னா வேற பக்கம் எடுத்துக்கோ. 'அக்கா விரும்பும் இடத்தில்'னு நானே சொல்லி எழுத வச்சிருக்கேன். தாராளமா!

— சார், இவன் சொல்றது நிசமா?

— நிசம்தாம்மா. இடம் உங்க இஷ்டம்.

— பத்துக்குப் பத்தாத்தான் எடுக்கணுமா?

— அப்படி ஒண்ணும் எழுதலை. பரப்பு நூறு வரணும், அவ்வளவுதான். அஞ்சுக்கு இருபதும் நூறுதான். நாலுக்கு இருபத்தஞ்சும் நூறுதான்.

— ஒண்ணுக்கு நூறு?

— அதுவும் நூறுதான்.

— ஒரு மீட்டர் அகலத்துல என்னக்கா பண்ணுவே? கோழியெல்லாம் ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரிசையில நிக்குமா?

— சிரிச்சுக்கோ. சார், இந்த நிலத்துக்கு ரோட்டுப் பக்கம் நீளம் எவ்வளவு?

— சரியா நூறு மீட்டர். உள்ள இருநூறு போகுது.

— மத்த மூணு பக்கம்?

— பின்னாடி வாய்க்கால். ரெண்டு பக்கமும் அடுத்தவங்க மதில்.

— அக்கா, ஒரு நிமிஷம்...

— அந்த நாலு முளையையும் பிடுங்கிடுங்க சார். ரோட்டோரமா, இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும், ஒரு மீட்டர் அகலத்துக்கு அடிங்க.

— சார், இப்படியெல்லாம் கேக்க முடியாதுன்னு சொல்லுங்க சார்!

— எழுதினது நீங்க. நான் அளக்குறவன். அந்த நாடாவோட நுனியைக் கொஞ்சம் பிடிங்க.

— அக்கா! அப்ப நான் என் நிலத்துக்குள்ள எப்படிப் போறது?

— என்னைக் கேட்டுட்டுப் போ.