ஓர் அண்ணன் உண்டு

பால் விடாத இந்தத் தே ஓ நன்றாக இருக்கிறது, மேடம். சீனி மட்டும் கொஞ்சம் தூக்கல். எங்கள் வீட்டில் சீனி டப்பாவே கிடையாது. அம்மாவுக்கு இனிப்புநீர் என்று தெரிந்த நாளிலிருந்து நானும் சீனியை விட்டுவிட்டேன். பெற்ற மகன் என்றால் அப்படித்தான் இருப்பான். இதையும் சேர்த்து அடித்துக்கொள்ளுங்கள். நான் தமிழில் சொல்கிற வாக்குமூலத்தை நீங்கள் மலாயில் தட்டச்சு செய்கிறீர்கள், பரவாயில்லை. பெயர்கள் தப்பாமல் வந்தால் போதும்.

என் தங்கை குமுதாவை உங்களுக்குத் தெரியும். தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறாள், ஊரே அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறது. நான் புக்கிட் பெருந்துங்கில் பெக்டரிக்கு ஆள் ஏற்றுகிற வேன் ஓட்டுகிறேன். வேனில் ஏறுகிற பெண்களிடம் அவள் என் தங்கை என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒருநாள் ஒருத்தி போனில் இணையக் கலைக்களஞ்சியத்தைத் திறந்துவிட்டாள். "குமுதா பக்கத்துல ஒங்க பேரே இல்லியேண்ணே, சும்மா அடிச்சு விடாதீங்க லா" என்றாள். வேன் முழுக்கச் சிரித்தது.

வாங்கிப் பார்த்தேன். படித்த பள்ளி, வாங்கிய விருது, ஏறிய மேடை என்று நீட்டி முழக்கியிருந்தார்கள். 'கோலா சிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் சன்னாசி, காளியம்மா தம்பதியரின் மகளாகப் பிறந்தார். இவருக்கு ஓர் அண்ணன் உண்டு.' அவ்வளவுதான். ஓர் அண்ணன் உண்டு. வீட்டில் ஒரு மாடு உண்டு என்று சொல்வதுபோல.

அந்தப் பக்கங்களை யார் வேண்டுமானாலும் திருத்தலாமாம். நான் என் பெயரைச் சேர்த்தேன். சாயங்காலத்துக்குள் காணோம். அழித்தவன் காரணமும் எழுதியிருந்தான்: உயிருடன் இருப்பவர்களைப் பற்றிய பக்கத்தில், பிரபலமில்லாத உறவினரின் பெயர் தேவையில்லை, அவர்களுடைய அந்தரங்கம் காக்கப்பட வேண்டும். என் அந்தரங்கத்தைக் காக்க இவன் யார், மேடம்? நான் கேட்டேனா? மறுபடி சேர்த்தேன், மறுபடி அழித்தான். எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் நான் சத்தம் போடுகிற ஆள் இல்லை, நீங்களே பார்க்கிறீர்கள்.

சரி, உண்மைக்கு இடமில்லை என்றால் பொய்க்கும் இடம் இருக்கக் கூடாது. 'மகளாகப் பிறந்தார்' என்பது பச்சைப் பொய். குமுதா அம்மாவுக்குப் பிறந்தவள் இல்லை. எங்கள் தோட்டத்து லயத்து வரிசையின் கடைசி வீட்டில், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் பெற்ற பிள்ளை. அம்மா சாரோங்கில் சுற்றித் தூக்கி வந்து, தன் பிள்ளை என்று பதிந்துவிட்டார். அன்றிலிருந்து எனக்கு வீட்டில் கிடைத்தது ஒரே வார்த்தைதான்: "சத்தம் போடாதடா, பாப்பா தூங்குது." அவள் எழுந்து, படித்து, தொலைக்காட்சிக்கே போய்விட்டாள். நான் இன்னும் சத்தம் போடாமல்தான் இருக்கிறேன்.

'வளர்ப்பு மகள்' என்று திருத்தினேன். இந்த முறை இன்னும் வேகமாக அழித்தார்கள். ஆதாரம் இல்லையாம். அச்சில் வந்திருக்க வேண்டுமாம்.

அம்மாவிடம் நல்ல வார்த்தையாகத்தான் சொன்னேன். பேப்பர்காரர்கள் யாரையாவது கூட்டி வருகிறேன், உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றேன்.

"வேணாம்டா ரவி. பெத்தவ கோலா குபு பாருல புருசன் புள்ளைங்களோட இருக்கா. அவ புருசனுக்கே தெரியாது. அவ குடியக் கெடுத்துறாதடா, ஒங் கால்ல வேணா விழறேன்" என்றார்.

சொன்னதோடு நிற்கவில்லை, நிஜமாகவே குனிந்தார். முட்டி மடங்காத மனுஷி. எனக்காக அம்மா யார் காலிலும் விழுந்து நான் பார்த்ததில்லை. அந்த நிமிஷத்தில் என் மனசு விட்டுப் போய்விட்டது.

எங்களைப் போன்ற குடும்பங்களின் பெயர் பேப்பரில் முழுசாக வருவது எப்போது என்று யோசித்துப் பாருங்கள். மரண அறிவிப்பில்தான். படம் போட்டு, கீழே மகன், மகள், மருமகன், பேரப்பிள்ளை என்று வரிசையாகப் போடுவார்கள். மூத்த மகன் எழுதிக் கொடுப்பதுதான் அதில் வரும். யாரும் சரிபார்ப்பதில்லை.

அம்மாவுக்கு இனிப்புநீர் ஊசி போடுவது என் பொறுப்பு. போடுவதை நிறுத்தினேன். நான் ஒன்றும் செய்யவில்லை, மேடம், செய்யாமல் இருந்தேன். தாகம் என்று கேட்டபோதெல்லாம் தண்ணீர் கொடுத்தேன். "ஆஸ்பத்திரிக்குப் போலாமாடா?" என்று கேட்டார். நாளைக்குப் போகலாம் என்றேன். பிறகு கேட்பதை அவரே விட்டுவிட்டார்.

அறிவிப்பு எப்படி அம்மா சாவதற்கு முன்பே பேப்பரில் வந்தது என்று கேட்டீர்கள். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். முந்தின நாளே முடிந்துவிடும் என்று நினைத்து அனுப்பிவிட்டேன். மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு வேலம்மா பேப்பரும் கையுமாக ஓடி வந்து, "ஐயோ காளியம்மாக்கா, என்னப் பெத்த அக்கா" என்று வாசலில் நின்று அழுதார். உள்ளே அம்மாவுக்கு இன்னும் மூச்சு இருந்தது. வேலம்மாவின் குரல் கேட்டிருக்க வேண்டும், கண் லேசாகத் திறந்து கதவுப் பக்கம் திரும்பியது. நான் கிரில் கதவைத் திறக்கவில்லை. "குளிப்பாட்டணும்க்கா, அப்புறமா வாங்க" என்று சொல்லி அனுப்பினேன். அப்புறம் வந்தபோது எல்லாம் சரியாகிவிட்டிருந்தது.

அறிவிப்பு நன்றாக வந்திருந்தது. 'மகன்: ரவீந்திரன். வளர்ப்பு மகள்: குமுதா.' பெற்றவள் பெயரை நான் போடவில்லை. எனக்கும் ஈவு இரக்கம் உண்டு.

காடாற்று முடிந்த கையோடு அதைப் படம் எடுத்து, ஆதாரமாகக் காட்டிப் பக்கத்தைத் திருத்தினேன். மறுபடியும் அழித்தார்கள். அச்சில் வந்தாலும், உயிருடன் இருப்பவர் தாமாக வெளியில் சொல்லாத அந்தரங்கம் கூடாதாம். முதலிலேயே அப்படிச் சொல்லித் தொலைத்திருந்தால் அம்மா இன்னும் இருந்திருப்பார். அந்த ஆளையும் நீங்கள் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும்.

பதினாறாம் நாள் கருமக்கிரியைக்குக் குமுதா வந்தாள். சாப்பாடு முடிந்ததும் என்னை வேன் பக்கம் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, நான் அம்மா வயித்துல பொறக்கலன்னு எனக்கு எப்பவோ தெரியும். அம்மாவே சொல்லிட்டாங்க. பேப்பர்ல போட்டீங்க, பரவால்ல, எனக்குக் கோவம் இல்ல. அவங்க பேர மட்டும் எங்கயும் எழுதிறாதீங்கண்ணே, பாவம், அவங்க வாழட்டும்."

அவள் அதோடு விட்டிருக்கலாம்.

"ஒங்க பேரக்கூட நான்தான் எடுக்கச் சொன்னேன். கண்டவனெல்லாம் எனக்கு அசிங்க அசிங்கமா எழுதறான், வீட்டத் தேடி வருவேங்கறான். ஒங்களையும் அம்மாவையும் தேடி வந்துறக் கூடாதுன்னு பயந்தேன்" என்றாள்.

நான்தான் எடுக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் என்ன பேசினாள் என்று என் காதில் விழவில்லை.

நான் வேனில் ஏறினேன். வேன் வெளியே வரட்டும் என்று அவள்தான் பின்னால் போய் கேட்டைத் திறந்தாள். ரிவர்ஸ் எடுக்கும்போது அவளைப் பார்க்கவில்லை என்று நேற்றுச் சொன்னேன் அல்லவா, அதைத் திருத்திக்கொள்ளுங்கள். கண்ணாடியில் பார்த்தேன். நன்றாகவே தெரிந்தாள். எனக்குக் கை காட்டிக்கொண்டிருந்தாள், 'வாங்க, வாங்க' என்று.

ஆஸ்பத்திரியில் குமுதா கண் விழித்துவிட்டாள் என்றீர்கள். முதலில் "அண்ணன் எங்க?" என்று கேட்டாளாமே. பெயரைச் சொல்லிக் கேட்டாளா, வெறும் அண்ணன் என்றுதானா? வெறும் அண்ணன்தானா? சரி.

வக்கீல் வரும்வரை பேசாமல் இருக்கலாம் என்று நீங்கள் சொன்னீர்கள், நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் யோசித்துப் பாருங்கள். நான் சொல்வது கோர்ட்டுக்குப் போகும். கோர்ட்டில் வாசித்தது பேப்பரில் வரும். ஒரு பேப்பரில் இல்லை, எல்லாப் பேப்பரிலும். அதன் பிறகு நான் பிரபலமில்லாத உறவினன் இல்லை, எந்தக் கொம்பன் அழிக்கிறான் பார்க்கிறேன். அதனால்தான் ஒன்றைக்கூட மறைக்காமல் சொல்கிறேன். எனக்காக இல்லை, மேடம். உண்மைக்காக.

பெயர்களைச் சொல்கிறேன், அடித்துக்கொள்ளுங்கள். அண்ணன்: ரவீந்திரன், தகப்பன் பெயர் சன்னாசி. அது முதலில் வரட்டும். குமுதாவைப் பெற்றவள்: இராஜம்மா. கோலா குபு பாருவில் வீடு எங்கே என்றும் சொல்கிறேன். புருஷன் பெயரும் தெரியும்.

அடியுங்கள், மேடம். ஏன் கையை எடுத்துவிட்டீர்கள்?